கைதட்டிய கைகள்

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை. பங்கின் இளைஞர் சிலர் வற்புறுத்தி அழைக்க, அவர்களோடு 'ஜெயிலர்' திரைப்படம் காணச் சென்றிருந்தோம். பணி ஓய்வு பெற்ற சிறை அலுவலர் ஒருவர் பேரனோடு விளையாடிப் பொழுது போக்குகிறார். காவல்துறை அதிகாரியான அவருடைய மகன் காணாமற்போகிறான். அதன்பின் அந்த முதியவரின் மற்றொரு முகம் வெளிப்படுகிறது. வீட்டிற்குள்ளேயே, குடும்பத்தார் திகைத்து அமர்ந்திருக்க, மிரட்ட வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராய்ச் சுட்டு வீழ்த்தப்படுகிறார்கள். அரங்கம் அதிர்ந்தது. இளைஞர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். நாமும் கைதட்டினோம்.

திரும்பி வரும் வழியில் ஓர் இளைஞன் குறும்பாகக் கேட்டான்: "சாமி, கொலை செய்யாதேன்னு போன ஞாயிறுதானே பிரசங்கம் வச்சீங்க?" எல்லாரும் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். ஆனால் மறுநாள் காலைத் திருப்பலியில் அப்பத்தைக் கையில் ஏந்தி உயர்த்தியபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. நேற்றிரவு தட்டிய கைகள்தாமே இவை? எதற்காகத் தட்டின? யார் விழுந்ததற்காக மகிழ்ந்தன?

கேலியாகக் கேட்கப்பட்ட அக்கேள்வியைக் கேலியாக விட்டுவிட நம்மால் இயலவில்லை. அதன்பின் ஈராண்டுகளில் பார்த்த படங்கள் ஒவ்வொன்றிலும் அது நம்மோடு அரங்கிற்குள் வந்து அமர்ந்தது. திரைப்படம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்கா, அல்லது அறக்கணக்கில் வரவேண்டிய ஒரு செயலா? வாசகரோடு சேர்ந்து இதைச் சிந்திக்க விரும்புகிறோம்.

பழைய கேள்வி

திருச்சபைக்குத் திரைப்படம் புதிய பொருள் அன்று. திருத்தந்தை பதினோராம் பயஸ் 1936-இல் திரைப்படத்தைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். ஒழுக்கத்திற்கு ஊறு செய்யும் படங்களைக் காணமாட்டோம் என்று விசுவாசிகளிடம் ஆண்டுதோறும் வாக்குறுதி பெறுமாறு அதில் ஆயர்களைக் கேட்டுக்கொண்டார். 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகிய மூன்றையும் குறித்து மற்றொரு மடல் வரைந்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களுக்கென்றே ஓர் ஏட்டை வெளியிட்டது. திரைப்படம் பிறந்து நூறாண்டு நிறைந்த 1995-இல் வத்திக்கான் 45 சிறந்த படங்களைச் சமயம், விழுமியம், கலை என்று மூவகையாகப் பிரித்துப் பட்டியலிட்டது. விலக்கவேண்டியதைச் சொல்லத் தொடங்கிய திருச்சபை, அறுபது ஆண்டுகளில் காணத்தக்கதைச் சொல்லும் நிலைக்கு வந்தது. இது சிறிய பயணம் அன்று.

ஆயினும் நம் இல்லங்களில் இன்றும் கேட்கப்படுவது பழைய கேள்விதான்: "இந்தப் படத்தைப் பார்க்கலாமா, சாமி?" படத்தில் என்ன காட்டப்படுகிறது என்பதே அதன் பொருள். திருத்தந்தைத் தேர்தலைக் கதையாகக் கொண்ட 'கான்கிளேவ்' என்னும் ஆங்கிலப் படம் 2024-இல் வெளிவந்தது. மறு ஆண்டு மே மாதத்தில் மெய்யான தேர்தல் நடைபெற்றுத் திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அப்படத்தைப் பற்றிப் பலர் நம்மிடம் விசாரித்தார்கள். கர்தினால்மாரின் பதவி ஆசையைக் காட்டுகிறதாமே, அதைப் பார்ப்பது பாவமா என்று வினவினார்கள். நன்று, திருச்சபையின் பெயரில் அக்கறை இருப்பது நல்லதே. ஆனால் நூறு பேர் சுட்டு வீழ்த்தப்படும் படத்தைப் பார்க்கலாமா என்று ஒருவரும் இதுவரை நம்மிடம் கேட்டதில்லை. குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டே அதைப் பார்க்கிறோம்.

திரை அரங்கின் வாயிலில் நின்று காவல் காக்கும் காலம் போய்விட்டது. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அரங்கம் இருக்கிறது. எனவே திரையில் என்ன நிகழ்கிறது என்பதோடு, பார்க்கும்போது நம் உள்ளத்தில் என்ன நிகழ்கிறது என்பதையும் கேட்டாகவேண்டும்.

கண் திறந்த அலிப்பியுஸ்

இக்கேள்வியைப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுப்பியவர் புனித அகுஸ்தினார். தம் வாழ்வைக் கடவுள் முன்னிலையில் விவரிக்கும் 'அறிக்கைகள்' என்னும் நூலில், தம் நண்பர் அலிப்பியுஸைப் பற்றிக் கூறுகிறார். உரோமை நகரில் சட்டம் பயின்ற அந்த இளைஞர், வாள்வீரர் ஒருவரையொருவர் வெட்டி மடியும் விளையாட்டை அருவருத்தவர். நண்பர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றபோது, உடல்தான் அங்கிருக்கும், கண்களைத் திறக்கமாட்டேன் என்று உறுதி பூண்டு அமர்ந்தார். ஒரு வீரன் வீழ்ந்ததும் மக்கள் கூட்டம் பேரிரைச்சல் எழுப்பியது. ஆவல் உந்த, எதைக் கண்டாலும் வென்றுவிடலாம் என்னும் துணிவில் அவர் கண்களைத் திறந்தார். கண்டது அவரை வென்றது. அவரும் கூவினார், பின்னர் மற்றவர்களைத் தாமே இழுத்துவரும் அளவுக்கு அதற்கு அடிமையானார்.

கண்ணை மூடியவர் காதை மூடவில்லை என்பதை அகுஸ்தினார் நுட்பமாகச் சுட்டுகிறார். அலிப்பியுஸ் யாரையும் கொல்லவில்லை. பார்த்தார், மகிழ்ந்தார். அவ்வளவே. ஆனால் வந்த மனிதராக அவர் திரும்பிப் போகவில்லை. தீயதைச் செய்யாமலேயே, அதை எண்ணி எண்ணி மனம் இன்புற்றுத் தங்கிவிடுவதைப் புனித தோமா அக்குவினா தனியொரு குற்றமாகக் குறிப்பிட்டார். குருமடத்தில் அதைப் படித்தபோது இச்சையைப் பற்றிய பாடமாக மட்டுமே நாம் புரிந்துகொண்டோம். கொலையிலும் மனம் அவ்வாறு தங்கி இன்புறக்கூடும் என்பது, அந்த ஆகஸ்டு மாலைக்குப் பின்னரே விளங்கியது.

இதற்கு மறுப்பு உண்டு. நேர்மையாக அதையும் கேட்கவேண்டும். உரோமையில் சிந்தியது உண்மைக் குருதி. திரையில் சிந்துவது சாயம். அங்கே மாண்டவன் மாண்டான்; இங்கே மாண்டவர் மறுநாள் அடுத்த படப்பிடிப்புக்குப் போகிறார். அன்றியும், நம் திருநூலிலேயே தாவீது கோலியாத்தின் தலையை வெட்டுகிறான். யூதித்து பகைவர் படைத்தலைவனின் தலையைக் கொய்து பையிலிட்டுக் கொண்டு வருகிறார். அவரை நாம் போற்றவும் செய்கிறோம். தீயவன் வீழும்போது மனம் மகிழ்வது நீதியின் மீதுள்ள தாகம் அன்றோ?

இம்மறுப்பில் உண்மை இருக்கிறது. வன்முறையைக் காட்டும் படம் எல்லாம் தீய படம் என்றால், பாடுகளின் பாதையைச் சிலுவைப்பாதையாக நாம் சுவரில் மாட்டி வைத்திருக்கவும் கூடாது. எனவே வேறுபாடு வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்பதை 'ஜெயிலர்' படமே நமக்குக் காட்டியது. படத்தின் முடிவில், தேடப்பட்ட மகனே குற்றவாளி என்று தந்தைக்குத் தெரிகிறது. சரணடையுமாறு மன்றாடியும் அவன் இணங்கவில்லை. தந்தையின் கண்முன்னே அவன் வீழ்கிறான். அதுவரை ஆர்ப்பரித்த அரங்கம் அப்போது அடங்கிப்போனது. ஒரு கைதட்டலும் எழவில்லை. ஏன்? அவனும் தீயவன்தானே? முன்னர் வீழ்ந்தவர்களைவிட அவன் குற்றம் குறைந்ததன்று. ஆனால் அவனுக்கு ஒரு பெயர் இருந்தது; தாயும் மனைவியும் மகனும் இருந்தார்கள். முன்னர் வீழ்ந்தவர்களுக்கும் அவர்கள் இருந்திருப்பார்கள். படம் அதை நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பெயரற்றவன் விழுந்தால் கைதட்டுகிறோம். பெயருள்ளவன் விழுந்தால் அமைதியாகிறோம்.

'ஜெயிலர்' ஒன்றை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 2022-இல் வந்த 'விக்ரம்' படத்தில் எத்தனை பேர் வீழ்ந்தார்கள் என்று, படம் முடிந்து வெளியே வந்த உடனேயே கேட்டாலும் நம்மால் சொல்லியிருக்க முடியாது. மனிதரைப் பெயரற்றவராக்கிப் பழக்குவதே இத்தகைய படங்கள் நமக்குச் செய்யும் தீங்கு. அரங்கில் பழகிய கண், தெருவிலும் அவ்வாறே பார்க்கும். செய்தித்தாளில் 'என்கவுன்ட்டர்' என்று படித்ததும், "ஒழிந்தான்" என்று தேநீர்க் கடையில் நாம் சொல்லும் சொல் எங்கிருந்து வருகிறது?

2024-இல் வெளிவந்த 'மகாராஜா' இவ்வகையில் நம்மை இரண்டு மனத்தினராக்கியது. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் தம் வீட்டுக் குப்பைத்தொட்டி காணவில்லை என்று காவல்நிலையத்தில் முறையிடுகிறார். அவருடைய மகளுக்கு நேர்ந்த கொடுமையைப் படம் நெடுநேரம் மறைத்து வைத்துப் பின்னர் வெளிப்படுத்துகிறது. ஒரு சிறுமியின் துயரத்தைப் புதிருக்கு விடையாக வைத்தது நமக்கு உறுத்தியது. ஆனால் தீயவனுக்கு அங்கே கிடைக்கும் மிகப்பெரிய தண்டனை வெட்டோ குத்தோ அன்று. யாரோ ஒருத்தி என்று அவன் நினைத்த பெண், தன் சொந்த மகளே என்று அறிவதுதான். யாரோ என்று ஒருவரும் இல்லை. எல்லாரும் யாருக்கோ மகள் என்னும் பேருண்மையை அக்கொடியவன் காலம் கடந்து கற்கிறான். அதைக் கண்டு நாம் கைதட்டவில்லை, நடுங்கினோம்.

கண்ணீரின் கணக்கு

கைதட்டல்தான் தவறு, கண்ணீர் புண்ணியம் என்று எண்ணிவிடலாகாது. அகுஸ்தினார் அதையும் விட்டுவைக்கவில்லை. இளமையில் நாடக மேடையின் துன்பங்களைக் கண்டு அழுது, அழுததிலேயே இன்பம் கண்டதாக அவர் ஒப்புக்கொள்கிறார். மேடையில் துன்புறுபவனுக்கு உதவ யாரும் நம்மை அழைப்பதில்லை; அழ மட்டுமே அழைக்கிறார்கள். ஆகவே அந்த இரக்கம் எவ்வகை இரக்கம் என்று அவர் வினவுகிறார்.

நம் அண்மைக் கால வரலாற்றை எண்ணிப் பாருங்கள். காவல்நிலையச் சித்திரவதையைக் காட்டிய 'விசாரணை' 2016-இல் திரையரங்குகளுக்கு வந்தது. கண்டோர் கலங்கினோம். 2020 ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாகிய இரு வணிகர்கள் காவல்துறையின் பிடியில் சிக்கி உயிரிழந்தார்கள். 2021-இல் 'ஜெய் பீம்' வந்தது. 1993-இல் நிகழ்ந்த ஒரு காவல் மரணத்தையும், அதற்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு நடத்திய வழக்குரைஞர் சந்துருவின் பணியையும் அடிப்படையாகக் கொண்ட அப்படத்தை வீட்டில் அமர்ந்து பார்த்து மீண்டும் அழுதோம். 2025 ஜூன் மாதத்தில் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் விசாரணை என்னும் பெயரில் அடிபட்டு மாண்டார். ஒரு படத்திற்கும் மறு படத்திற்கும் இடையே நம் கண்ணீர் எங்கே போயிற்று? 'ஜெய் பீம்' தொடக்கத்தில், சிறையிலிருந்து விடுதலையாகி வருவோரிடம் வாயிலில் சாதி கேட்கப்படுகிறது. சில சாதியினர் வீட்டுக்கும், சில சாதியினர் பொய்வழக்குக்கும் அனுப்பப்படுகிறார்கள். அதைக் கண்டு கொதித்த நாம், நம் ஊர்க் காவல்நிலையத்தில் யார் அமரவைக்கப்பட்டிருக்கிறார் என்று ஒருநாளேனும் போய்ப் பார்த்தோமா?

பிறரைச் சொல்வானேன்? 2024 ஆகஸ்டில் 'வாழை' வெளிவந்தது. வாழைத்தார் சுமக்கும் சிறுவன் ஒருவனின் கதை. தாருக்கு ஒரு ரூபாய் கூலியை உயர்த்தக் கேட்டுப் போராடிப் பெறுகிறார்கள் அவ்வூர்த் தொழிலாளர். அதன்பின், தார்கள் ஏற்றிய லாரியின் மீதே அவர்களும் ஏறிப் போகநேர்கிறது, லாரி கவிழ்கிறது. உடல்கள் வந்து சேர்ந்த வேளையில் பசி தாளாமல் சோற்றைத் தேடும் அச்சிறுவனைக் கண்டபோது, நம் கண்கள் மறைத்துக்கொண்டன. அன்று நாம் அழுதது பொய்யன்று.

ஆனால் அடுத்து வந்த பங்குத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டு வாழை கட்ட வந்த தொழிலாளர் கூலியை உயர்த்திக் கேட்டார்கள். பங்குப் பேரவையினர் நெடுநேரம் பேரம் பேசிக் குறைத்தார்கள். நாம் பக்கத்து அறையில்தான் இருந்தோம். குரல் கேட்டது. எழுந்து போகவில்லை. திருவிழா சிறப்பாக நடந்தது. கட்டிய வாழைகள் தேர் திரும்பும் வரை வாடாமல் நின்றன. வாழை கட்டியவர்களில் ஒருவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. திரையில் கண்ட சிறுவனின் பெயர் இன்றும் நினைவிருக்கிறது.

பெயர் சொல்லி அழைத்தல்

இத்தனையும் சொன்னபின், திரைப்படத்தையே விட்டுவிடலாம் என்று சிலர் முடிவு செய்யக்கூடும். அது நம் கருத்தன்று. பெயரைப் பறிக்கும் படங்கள் உள்ள அதே அரங்குகளில் பெயரைத் திருப்பித் தரும் படங்களும் ஓடுகின்றன.

2024-இல் வந்த 'மெய்யழகன்' அத்தகையது. சொத்துத் தகராற்றால் இளமையில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், பல்லாண்டு கழித்து ஒரு திருமணத்திற்காக வருகிறார். உறவினன் ஒருவன் அவரைச் சுற்றிச் சுற்றி வந்து அன்பைப் பொழிகிறான். அவர் என்றோ விட்டுச்சென்ற பழைய மிதிவண்டியால் தன் வாழ்வே மலர்ந்தது என்கிறான். அவருக்கோ அவன் பெயர் நினைவில்லை. இவ்வளவு அன்பு காட்டுபவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்னும் வெட்கம் தாளாமல் இரவோடு இரவாக வெளியேறுகிறார். சண்டை இல்லை, கொலை இல்லை. ஒரு மனிதனின் பெயரை மறந்தது மட்டுமே அங்கே பாவம். அதற்காக ஒருவர் மனம் உடைந்து அழ முடியும் என்று காட்டிய படத்தை, நல்லதோர் ஒப்புரவு ஆயத்தமாகவே நாம் எண்ணுகிறோம்.

அதே ஆண்டில் மலையாளத்திலிருந்து வந்து தமிழ் மக்களாலும் கொண்டாடப்பட்டது 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. 2006-இல் கொடைக்கானல் குணா குகையில் மெய்யாகவே நிகழ்ந்த ஒன்று அதன் கரு. சுற்றுலா வந்த நண்பர்களுள் ஒருவன் ஆழக் குழியில் விழுந்துவிடுகிறான். உயிரோடிருப்பான் என்று ஊரார் எவரும் நம்பவில்லை. மீட்க வந்தோரும் இறங்கத் தயங்குகிறார்கள். நண்பன் ஒருவன் இடுப்பில் கயிறு கட்டி இருளுக்குள் இறங்குகிறான். மேலே நிற்பவர்கள் விழுந்தவனின் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டே இருக்கிறார்கள். தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிய ஆயனின் உவமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை நாம் படித்ததில்லை. இருவரும் மேலே வந்தபோது அரங்கம் கைதட்டியது. நாமும் தட்டினோம். அன்று நம் கைகள் நமக்குக் கூசவில்லை.

2025 மே மாதத்தில் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' நகைச்சுவைப் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த ஈழத் தமிழ்க் குடும்பம், சென்னையில் ஒரு தெருவில் மறைந்து வாழ்கிறது. ஒருவர் வீட்டை ஒருவர் எட்டிப்பாராத அத்தெருவில், அண்டை வீட்டார் பெயரை முதலில் கேட்டறிபவர்கள் அந்த அகதிகளே. முடிவில், காவலர் தேடி வரும்போது தெருவே ஈழத் தமிழில் பேசி அவர்களைக் காக்கிறது. அரங்கம் சிரித்தது, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. அன்னியரை ஏற்றுக்கொள்வதைப் பற்றி நாம் ஆற்றிய மறையுரைகள் எதுவும் இந்த அளவுக்கு எட்டியதில்லை.

கைதட்டலும் கண்ணீரும் கேளாத படமும் ஒன்று உண்டு. 'வாழை' வெளியான அதே நாளில் வந்த 'கொட்டுக்காளி'. வேற்றுச் சாதி இளைஞனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று குடும்பத்தார் சாமியாடியிடம் அழைத்துச் செல்கிறார்கள். பின்னணி இசை இல்லை. அப்பெண் ஏறக்குறைய படம் முழுவதும் வாய் திறப்பதில்லை. முடிவும் சொல்லப்படுவதில்லை. நம் அருகில் இருந்த சிலர் பாதியில் எழுந்து போனார்கள். அழவும் ஆர்ப்பரிக்கவும் இடம் தராத படத்தைத் தாங்குவது கடினந்தான். ஆனால் அது நம்மிடம் விட்டுச்சென்ற கேள்வி நம் வீட்டுக் கேள்வி. சாதி மாறிக் காதலித்த மகளைச் செபக்கூடத்திற்கு அழைத்துச் சென்று தலையில் கைவைக்கச் சொல்லும் பெற்றோர் நம்மவரிலும் இருக்கிறார்கள். சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்த கல்லறைத் தோட்டங்கள் நம்மிடமும் இருந்திருக்கின்றன. அப்பெண்ணின் மௌனத்திற்கு முன் நாம் சாட்சிகளாக அல்ல, குற்றவாளிகளாகவே அமர்ந்திருந்தோம்.

மூன்று கேள்விகள்

எனவே, "இப்படத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்கும் பொதுநிலையினருக்கு நாம் இப்போது பட்டியல் எதுவும் தருவதில்லை. பார்த்து வந்த இரவில், உறங்குமுன் ஆன்ம சோதனையின்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு சொல்கிறோம். நாம் எதற்குக் கைதட்டினோம்? யாருக்காக அழுதோம், அவரைப் போன்றவர் நம் தெருவில் யார்? அவருடைய பெயர் நமக்குத் தெரியுமா? பெற்றோர் இவற்றைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்பார்களாயின், தடை உத்தரவால் ஆகாதது ஓர் உரையாடலால் ஆகும்.

1995-இல் வத்திக்கான் வெளியிட்ட பட்டியலில் 'சைக்கிள் திருடர்கள்' என்னும் இத்தாலியப் படம் இடம்பெற்றிருக்கிறது. 1948-இல் வந்தது. பிழைப்புக்கு ஆதாரமான சைக்கிளைப் பறிகொடுத்த ஏழை ஒருவன், தேடி அலுத்து, கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடிப் பிடிபடுகிறான். கூட்டம் அவனை அடிக்கிறது. அவன் சின்ன மகன் அழுதுகொண்டே ஓடி வருகிறான். சைக்கிளுக்கு உரியவர் அச்சிறுவனின் முகத்தைப் பார்க்கிறார். திருடனுக்கும் ஒரு வீடு இருப்பதை உணர்ந்து அவனை விட்டுவிடுகிறார். வெட்கித் தலைகுனிந்து நடக்கும் தந்தையின் கைக்குள் மகன் தன் கையை வைக்கிறான். படம் அவ்வளவே.

அந்தக் கையைப் பற்றி இப்போது அடிக்கடி எண்ணுகிறோம். இளைஞர்கள் அடுத்த படத்திற்கு அழைத்தால் மறுக்காமல் போவோம். கைதட்டவும் கூடும், நம் பலவீனம் நமக்குத் தெரியும். ஆனால் வரும் பங்குத் திருவிழாவுக்கு வாழை கட்ட ஆள்கள் வரும்போது பக்கத்து அறையில் அமர்ந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். முதலில் அவர்கள் பெயரைக் கேட்போம். பிறகு கூலியைப் பேசுவோம்.